குரோம் வேண்டாம் என்று சொல்லவில்லை

அன்புள்ள மகனுக்கு,

சொந்தமாக ஓட்ட நீ வாங்க நினைக்கிற ட்ரக்கின் படங்களைப் பார்த்தோம். அப்பா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். 2006 பீட்டர்பில்ட் 379, நீள மூக்கு, எட்டு அங்குலப் புகைக்குழாய், தரையை உரசுகிற மாதிரி பம்பர், பின்னால் படுக்கிற ஸ்லீப்பர் அறை ஓரம் முழுக்க சிக்கன் லைட் என்கிற மஞ்சள் அலங்கார விளக்கு. அழகான வண்டிதான், மறுக்கவே முடியாது. ஆனால் அப்பா வண்டி ஓட்டிய காலம் முழுக்கக் கணக்கு எழுதியவள் நான். எனக்கு முதலில் கண்ணுக்குத் தெரிந்தது டீசல் பில்.

நேராகக் கணக்குக்கே வருகிறேன். வருஷத்துக்கு ஒரு லட்சம் மைல் ஓட்டுவாய், டீசல் கேலன் 4 டாலர் என்று வைத்துக்கொள். நீள மூக்கு வண்டி கேலனுக்கு 5.5 மைல் கொடுத்தால் ஏறக்குறைய 18,180 கேலன் வேண்டும். காற்றை வெட்டிப் போகிற மாதிரி செய்த ஃபிரைட்லைனர் கஸ்காடியாவோ கென்வொர்த் டி680-ஓ 7.5 கொடுத்தால் 13,330 போதும். வித்தியாசம் 19,400 டாலர். மாதம் 1,600! ஒரு வண்டியின் தவணையில் பெரும்பங்கு அதிலேயே அடைந்துவிடும். 65 மைல் வேகத்தில் எஞ்சின் சக்தியில் ஏறத்தாழப் பாதி காற்றைத் தள்ளவே போகிறது, வேகம் கூடக் கூட அந்தத் தடை இன்னும் வேகமாக ஏறுகிறது. தட்டையான கிரில், வெளியே நிற்கிற ஏர் கிளீனர், புகைக்குழாய் எல்லாம் சேர்ந்து காற்றை மறித்துக்கொண்டு நிற்கின்றன. அதே லோடுக்கு அதே ரேட்தான். வண்டி மின்னுகிறதே என்று, லோடு பிடித்துத் தருகிற எந்த புரோக்கரும் மைலுக்கு ஒரு சென்ட் கூட்டித் தந்து நான் பார்த்ததில்லை.

379-இன் விலை இறங்காது என்று நீ போனில் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 379-ஐ 2007-லேயே நிறுத்திவிட்டார்கள். கடைசி ஆயிரத்தை லெகசி கிளாஸ் என்று தனியாகவே விற்றார்கள், இன்றைக்கும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துவிடுகிற வண்டிகளின் விலை சரிகிற மாதிரி இதன் விலை சரியாது. பானெட்டைத் திறந்தால் எஞ்சின் பக்கத்தில் நின்று வேலை பார்க்க இடமும் இருக்கும். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பணம் விற்கிற அன்றைக்குத்தான் கைக்கு வரும், டீசல் பணம் இன்றைக்கே போகும்.

அப்புறம் அந்த 379-இல் இருக்கிற கேட்டர்பில்லர் எஞ்சின். 2010 புகை விதிகள் வந்த சமயத்தில் கேட்டர்பில்லர் நெடுஞ்சாலை ட்ரக் எஞ்சின் தொழிலையே விட்டு விலகிவிட்டது. 2023 ஜனவரியிலிருந்து கலிபோர்னியாவில் ஓட, சில விலக்குகள் போக, 2010 மாடல் எஞ்சின் அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஆக லாங் பீச் துறைமுகத்திலிருந்து வருகிற லோடெல்லாம் உனக்கு இல்லை என்று இப்போதே எழுதி வைத்துக்கொள். பழைய வண்டி என்றால், ஓட்டுகிற நேரத்தைத் தானே பதிகிற இ.எல்.டி. கருவியின் தொல்லை இல்லை என்று விற்கிறவர் சொல்லியிருப்பார். அது 2000-க்கு முந்தைய எஞ்சினுக்குத்தான். 2006-க்குக் கிடையாது.

இன்னொன்று, வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள நீளம். முன்பெல்லாம் பல மாநிலங்களில் வண்டியின் மொத்த நீளத்துக்குச் சட்டம் இருந்ததால்தான் மூக்கே இல்லாத கேபோவர்கள் ஓடின. 1982 சட்டம் பெரிய நெடுஞ்சாலைகளில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்ததும் மூக்கு நீண்டது. சரக்கு ஏற்றி இறக்குகிற டாக் வாசல்களில் இடம் மட்டும் நீளவில்லை. பழைய ஊர்க் கிடங்குகளில் 280 அங்குல வீல்பேஸை ஒடித்துத் திருப்பிப் பின்னால் எடுப்பது எவ்வளவு பாடு என்று அப்பாவைக் கேள். இதை மட்டும் மறுக்காமல் ஒத்துக்கொள்வார்.

நீ பிளாட்பெட்டில், அதாவது திறந்த தட்டு ட்ரெய்லரில், இயந்திரம் ஏற்றப் போகிறாய் என்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன். அங்கே லோடே காற்றை மறிக்கும், வண்டியின் வடிவத்தால் வரும் லாபம் குறைந்துவிடும். உன்னுடையதோ டிரை வேன், மூடிய பெட்டி ட்ரெய்லர்.

உண்மையில் என் பயம் டீசல்கூட இல்லை, தவணைதான். 2021-லும் 2022 தொடக்கத்திலும் ரேட் உச்சத்தில் இருந்தபோது உச்ச விலைக்கு வண்டி வாங்கியவர்களை உனக்கே தெரியும். ரேட் இறங்கியதும் கண்ட லோடுக்கும் தலையாட்ட வேண்டியதாயிற்று, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவதும் போயிற்று. தவணை சின்னதாக இருந்தால் 'இந்த ரேட்டுக்கு வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். சொந்த வண்டி வாங்குவதே அதற்காகத்தானே? விற்கிறவர் குரோமுக்கும் விளக்குக்கும் கொட்டிய பணம் அவர் கேட்கிற விலையில் சேர்ந்திருக்கிறது. அதற்கும் சேர்த்து நீ வட்டி கட்டுவாய். விபத்து என்று வந்தால், பாலிசியில் எழுதி வைக்காத அலங்காரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

பாலிஷ் வேலை இருக்கிறதே, அது தனிக் கதை. குளிர்காலத்தில் சாலையில் போடுகிற உப்புக் கரைசல் அலுமினிய டேங்கிலும் சக்கரத்திலும் வெள்ளையாகப் பூத்துவிடும், அப்படியே விட்டால் குழி விழும். தேய்த்தால் துணியெல்லாம் கறுப்பு, நக இடுக்கெல்லாம் கறுப்பு. ஒரு சக்கரத்தை முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், இன்னும் மற்றதெல்லாம் பாக்கி இருக்கும். வார வேலை நேரக் கணக்கை மறுபடி தொடங்க எடுக்கிற 34 மணி நேர ஓய்வில் தூங்காமல் இதைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்துச் செய்கிறார்கள், குறை சொல்லமாட்டேன். உனக்கு வீட்டில் ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது.

நீ பார்த்த இரண்டாவது வண்டி, அந்த வெள்ளை கஸ்காடியா, பார்க்க ஐஸ்பெட்டி மாதிரிதான் இருக்கிறது. இருக்கட்டும். அதன் பராமரிப்பு ரசீதுகள், எஞ்சின் கம்ப்யூட்டரில் எடுத்த அறிக்கை, எண்ணெய் மாதிரிப் பரிசோதனை மூன்றையும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. புகை வடிகட்டியை எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேட்க மறக்காதே. முதல் வருஷம் ஓட்டி, டயருக்கும் ரிப்பேருக்கும் ஒதுக்கியது போக மிச்சம் நின்றால், அந்தக் காசில் பம்பர் போடு, விளக்கு போடு. கடனில் மட்டும் வேண்டாம். சிவப்பும் நீலமும் முன்னால் போடாதே, போலீஸ் நிறுத்துவார்கள்.

வியாழக்கிழமைக்குள் ரசீதுகள் வந்தால் வார இறுதியில் பார்த்து முடித்துவிடுவேன். அப்பா இன்னும் 379 படத்தை அழிக்கவில்லை.

அன்புடன்,
அம்மா