ஓஃபிர் ரோட்டில் துணைநின்ற உங்களுக்கு

அன்புள்ள லூர்து மாதா கோயில் மக்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,

வணக்கம். வெளியில் உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்ட நம் சிங்கப்பூரில் நவம்பர் ஏற்ற மாதமில்லை. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மதியம் திரும்பினால் இடியும் மழையும். மழை விட்டாலும் காற்றில் ஈரம் போகாது. தாளில் பூசியது லேசில் காயாது. காயாததன்மேல் அடுத்த வண்ணத்தை வைத்தால் எல்லாம் கலங்கிவிடும். அந்த மாதத்தில் கோயில் படம் முடிந்திருக்கிறது என்றால் அது உங்களால்தான்.

முதல் நன்றி காவலாளி அண்ணனுக்கு. ஒவ்வொரு பூச்சு முடிந்ததும் பலகையோடு வாங்கிப்போய்த் தன் அறை மின்விசிறிமுன் சாய்த்து வைப்பார். புறங்கையைத் தாளில் லேசாக வைத்துப் பார்க்க வேண்டும், சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் என்று ஒருமுறை சொன்னேன். அதன்பிறகு அவரே கையை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பொறுங்க தம்பி" என்பார். கோபுரத்தின் நிழல் பக்கம் தெளிவாக வந்திருப்பது அவருடைய பொறுமையால்.

இடம் கொடுத்த பங்குத்தந்தைக்கும், பெரிய குடையை என்னிடமே விட்டுவைத்த தேத்தண்ணிக் கடை பாய்க்கும் மனமார்ந்த நன்றி.

தமிழ்த் திருப்பலி முடிந்து வந்து நின்ற பாட்டிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்! கூர்வளைவு சன்னல்களை எல்லாம் பார்த்துவிட்டு, "ஆளுங்களக் காணோமே, பூசைக்கு யாருமே வரலியா?" என்று கேட்டார். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழும்பிய கோயில் இது. பிரான்சின் லூர்து பேராலயத்தை ஒட்டிய அதன் வடிவமும், 2005இல் கிடைத்த தேசிய நினைவுச்சின்ன மதிப்பும் நமக்குப் பெருமைதான். ஆனால் வாசலில் புடவையும் குடையுமாக நிற்கிற கூட்டமில்லாமல் இந்தக் கோயிலைத் தீட்டினால் அது வெறும் கட்டடப் படம். பாட்டி கேட்டதும் படிகளில் ஆட்களைச் சேர்த்தேன். மஞ்சள் புடவை அவர்தான்.

பிப்ரவரி 11 மாதா திருநாளுக்குள் படத்துக்குச் சட்டம் போட்டுக் கோயிலில் கொடுத்துவிடுவேன். எல்லாரும் வந்து பாருங்கள்.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. சாலை வேலையில் இருந்த தமிழ்நாட்டுத் தம்பிகள் இடைவேளையில் வந்து, பார்வையை மறைத்த தடுப்பு ஒன்றைத் தங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டு நகர்த்தித் தந்தார்கள். அவர்களில் நாகப்பட்டினத்துத் தம்பி ஒருவர், வேளாங்கண்ணியை நினைத்துக்கொண்டு கோபுரத்தையே பார்த்தபடி நின்றார். இப்போது அவர்களை வேறு வேலையிடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். தெரிந்தவர்கள் இருந்தால் இந்த மடலை அவர்களிடம் காட்டுங்கள்; திருநாளன்று லீவு கிடைத்தால் அவசியம் வரச்சொல்லுங்கள்.

நன்றியுடன்,
படம் தீட்டியவன்
ஜாலான் புசார்