அழுத்தமானியும் கசட்டு அறிக்கையும் ஒரே மேசைக்கு வரட்டும்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திட்டம் வகுப்பவர்களுக்கும், அவற்றைக் கண்காணித்து ஒப்புதல் அளிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்களில் யாராவது நிலையத்தைப் பார்வையிட வந்தால், முதலில் கையில் கொடுக்கப்படுவது ஒரு கண்ணாடிக் குவளை. சவ்வு என்னும் நுண்துளை வடிகட்டியைக் கடந்து வந்த நீர் அதில் பளிங்குபோல் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து மகிழ்வீர்கள். மகிழ வேண்டியதுதான், அந்தத் தெளிவுக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் பார்வை அத்துடன் முடிந்துவிடுகிறது. கழிவுநீரிலிருந்து பிரிந்து சேரும் சேறான கசட்டைப் பிழியும் கொட்டகை வரை யாரும் நடந்து வருவதில்லை. நீரிலிருந்து எடுத்துவிட்டோம் என்று நாம் அறிக்கையில் எழுதுவதில் பெரும்பகுதி அங்கேதான் குவிந்து கிடக்கிறது.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். சவ்வின் அழுத்தப் பதிவேட்டையும் கசட்டின் ஆய்வறிக்கையையும் ஒரே மேசையில், ஒரே தேதி வரிசையில் வைத்துப் படிக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். கேட்பதற்கு எளிய காரியம். இது இல்லாததால் என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் நிலையத்தில், கழிவைத் தின்று சிதைக்கும் பாக்டீரியாக்கள் வாழும் தொட்டிக்குள்ளேயே சவ்வுகள் மூழ்கியிருக்கின்றன. ஒரு பம்பு அவற்றின் வழியாக நீரை உறிஞ்சுகிறது. உறிஞ்ச எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதை அழுத்தமானி காட்டும். வழக்கமாக அந்த எண் வாரக்கணக்கில் மெல்ல ஏறும். ஓர் இரவு, விடிவதற்குள் இரண்டு மடங்காகிவிட்டது. தொட்டி முழுவதும் நுரை. காலையில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். திரள் திரளாக இருக்க வேண்டிய பாக்டீரியாக் கூட்டங்கள் உடைந்து தூளாகக் கிடந்தன. எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும் ஒருசெல் உயிரிகள் அசைவற்று இருந்தன. பணியில் இருந்தவர்கள் தமக்குக் கற்பிக்கப்பட்டதைச் செய்தார்கள். ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் வகை வெளுப்புக் கரைசலால் சவ்வைக் கழுவினார்கள். அழுத்தம் இறங்கியது. இரண்டு நாளில் மறுபடி ஏறியது. மறுபடி கழுவினார்கள். பதிவேட்டில் 'சவ்வு அடைப்பு, வேதிக் கழுவல் செய்யப்பட்டது' என்று ஒரு வரி சேர்ந்தது.

ஆறு வாரம் கழித்து, வேறு ஒரு வேலைக்காகக் கசட்டின் மாத ஆய்வறிக்கையைப் புரட்டினேன். அதே நாட்களுக்குரிய மாதிரியில் தாமிரமும் குரோமியமும் முந்தைய மாதத்தைவிடப் பல மடங்கு ஏறியிருந்தன. அந்த அறிக்கை கசட்டை அப்புறப்படுத்தும் பிரிவின் கோப்பில் இருந்தது. அழுத்தப் பதிவேடு இயக்கப் பிரிவின் அலமாரியில் இருந்தது. யாரோ எங்கோ சாக்கடையில் திறந்துவிட்ட நச்சு நீருக்கு இரண்டு சாட்சிகள் இருந்தும், இருவரையும் ஒன்றாக நிறுத்தி விசாரிக்க ஆள் இல்லை. அதற்குள் அந்தக் கசடு லாரியில் ஏறி, உரமாக வயலுக்குப் போய்விட்டது. அன்று காலை நுண்ணோக்கியில் பார்த்ததை எழுதிக் கொடுத்து, கசட்டை நிறுத்தி வையுங்கள் என்று நானே வற்புறுத்தியிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இது தற்செயலான பொருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து, அதனால் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாக வாழ்கின்றன; கசட்டின் பெரும்பகுதி இந்தத் திரள்தான். புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்த பசை அது. உலோகமோ, உப்போ, வேறு நச்சோ திடீரென வந்து தாக்கினால் செல்கள் உடைகின்றன, திரள் கலைகிறது, பசை நீரில் கரைந்து மிதக்கிறது. சவ்வின் துளைகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், பாதிக்கும் குறைவானவை. முழுத் திரள் வந்து படிந்தால் காற்றுக் குமிழிகள் உரசித் தள்ளிவிடும். கலைந்த தூளும் கரைந்த பசையும் அப்படிப் போவதில்லை. துளைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கின்றன. கலைந்தவற்றில் ஒரு பகுதி சவ்வை அடைக்க, தாக்கிய உலோகத்தின் பெரும்பங்கு கசட்டோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் கசடு தொட்டிக்குள் சராசரியாக இருபது நாள் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே அழுத்தமானி அன்றிரவே பேசுகிறது, கசடு பல நாட்களுக்குப் பிறகும் அதே செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அழுத்தம் ஏன் படிப்படியாக ஏறாமல் சட்டென்று எகிறுகிறது என்று என்னிடம் ஒரு முறை கேட்டார்கள். பம்பு எப்போதும் ஒரே அளவு நீரை இழுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சவ்வில் ஒரு பகுதி அடைந்துவிட்டால், அது விட்ட பங்கையும் திறந்திருக்கும் பகுதியே சுமக்க வேண்டும். அங்கே நீரோட்டம் கூடுகிறது. கூடிய ஓட்டம் அழுக்கை இன்னும் வேகமாக இழுத்து வருகிறது. தாங்கும் எல்லையை ஓரிடம் தாண்டியதும் மற்ற இடங்களும் வரிசையாகத் தாண்டிவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் கழுவுவது தீயணைப்பு வேலை. அதற்கு முந்தைய மெதுவான ஏற்றத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவகாசம் இருக்கிறது.

கழுவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைப்போகுளோரைட் கரிமப் படலத்தை அகற்றும். இரும்பும் கால்சியமும் படிந்திருந்தால் சிட்ரிக் அமிலம் வேண்டும். இரண்டையும் தேவை அறிந்து, ஒன்றை முழுதாக அலசி வெளியேற்றிய பிறகே மற்றதைப் பயன்படுத்த வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். உயிரைப் பறிக்கும் வாயு அது. இதைத் தெரியாத ஒருவரை இரவுப் பணியில் தனியாக விடுவது குற்றம் என்றே சொல்வேன். அளவுக்கு மீறிக் கழுவினால் வேறு கேடுகளும் உண்டு. சவ்வை நீரோடு இணங்க வைக்கும் சேர்மானப் பொருள் ஹைப்போகுளோரைட்டில் கரைந்து வெளியேறுகிறது. பிறகு அந்தச் சவ்வு முன்னைவிட எளிதாக அழுக்கைப் பிடிக்கும். தொட்டியில் கசியும் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்று புதிய பசையை விடுவிக்கிறது. கரிமப் பொருளோடு சேர்ந்து குளோரின் ஏறிய சேர்மங்களையும் உண்டாக்குகிறது. காரணத்தைத் தேடாமல் கழுவிக்கொண்டே இருந்தால், அடைப்பை நாமே வளர்த்துவிடுகிறோம்.

இனி, யாரும் பேசாத ஒரு குழாயைப் பற்றி. தொட்டியிலிருந்து எடுக்கப்படும் உபரிக் கசட்டில் திடப்பொருள் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான், மற்றது நீர். அதை மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றி, திடப்பொருள் நூற்றுக்கு இருபது என்ற அளவுக்குக் கொண்டுவந்தால், 100 கிலோ கசட்டிலிருந்து 5 கிலோ பிண்டம் கிடைக்கும். மீதி 95 கிலோ நீர் எங்கே போகிறது? நிலையத்தின் தொடக்கத்துக்கே திரும்பி வருகிறது. கசட்டைக் காற்றில்லாமல் நுண்ணுயிர்களால் சிதைத்து வாயுவாக்கும் செரிப்பான் உள்ள நிலையங்களில் இப்படித் திரும்பும் நீர், அளவில் மொத்த வரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே இருந்தாலும், நைட்ரஜன் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்து வரக்கூடும். அத்துடன் பாலிமரும் வருகிறது. கசட்டுத் துகள்களைப் பிணைப்பதற்காகச் சேர்க்கும் நேர்மின்னூட்டம் கொண்ட நீண்ட சங்கிலிப் பொருள் அது. தேவையான அளவு சேர்த்தால் துகள்களோடு போய்விடும். கூடினால் எஞ்சியது நீரில் கரைந்து திரும்பி வந்து, எதிர்மின்னூட்டம் கொண்ட சவ்வின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கூடுதலாக ஏன் சேர்க்கிறார்கள்? இங்கேதான் உங்கள் கையெழுத்து வருகிறது. சவ்வை நடத்த ஓர் ஒப்பந்தம், கசட்டைப் பிழிய இன்னோர் ஒப்பந்தம் என்று டெண்டர் பிரிக்கப்படுகிறது. பிழிபவருக்குப் பிண்டத்தின் உலர்வைப் பொறுத்துப் பணம். பாலிமரைக் கூட்டினால் உலர்வு கூடும். அதனால் சவ்வு அடைந்தால் அந்தச் செலவு வேறொருவர் கணக்கு. திரும்பும் நீர் இருவர் ஒப்பந்தத்திலும் இல்லை. எங்கள் நிலையத்தில் ஒரு காலத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் அழுத்தம் ஏறியது. வாரக் கடைசியில் தேங்கிய கசட்டைத் திங்களன்று அவசரமாகப் பிழிந்ததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. நான்கு மாதமும் சவ்வு தயாரிப்பாளரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். திரும்பும் நீருக்கு ஒரு சிறு தேக்கத் தொட்டி கட்டி, நாள் முழுவதும் சீராக விடவும் பாலிமர் அளவைச் சோதித்துச் சேர்க்கவும் தொடங்கியபின் செவ்வாய்க்கிழமைகள் அமைதியாயின.

கசடு ஒன்றும் இழிந்த பொருள் இல்லை. 1914-இல் வெளியான ஆய்வில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற ஆய்வாளர்கள் கழிவுநீரில் காற்றை ஊதிப் பார்த்தபோது, அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாற முதலில் ஐந்து வாரம் பிடித்தது. அடியில் தங்கிய கசட்டைக் கொட்டாமல் அடுத்தடுத்த சோதனைக்கும் வைத்துக்கொண்டார்கள். ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடியும் நிலை வந்தது. இன்றைய நிலையங்கள் பெரும்பாலும் அந்தக் கசட்டின் பிள்ளைகள். அதில் பாஸ்பரஸ் இருக்கிறது, நைட்ரஜன் இருக்கிறது, மண்ணுக்கு வேண்டிய கரிமம் இருக்கிறது. அதனால்தான் அதை மாசுபடவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மாசைக் கசட்டிலிருந்து பிறகு எடுத்துவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்தக் கணக்கைக் கேளுங்கள். 100 கிலோ உலர்ந்த கசட்டில் 75 கிலோ கரிமப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். செரிப்பானில் அதில் பாதி வாயுவாக மாறிவிட்டால், எஞ்சுவது 62.5 கிலோ. உள்ளே இருந்த காட்மியம் என்னும் நச்சு உலோகம் வாயுவாகாது. ஆகவே ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண் 1.6 மடங்கு ஏறிவிடும். நாம் நன்றாகச் செரிக்கச் செரிக்க உலோகம் செறிகிறது.

சட்டங்கள் இருக்கின்றன. வயலில் இடும் கசட்டின் காட்மியத்துக்கு ஐரோப்பிய நாடுகளின் 1986 ஆணை கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை எல்லை வைத்தது. அமெரிக்காவின் 1993 விதி 85 வரை உச்சவரம்பு வைத்தது. ஒரே உலோகத்துக்கு இத்தனை வேறுபாடு. இரண்டு பட்டியல்களும் முதன்மையாக உலோகங்களை எண்ணுபவை. எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் இரண்டிலும் இல்லை. செரிப்பானும் உரமாக மக்கவைப்பதும் அவற்றை அழிப்பதில்லை. கசடு இட்ட பண்ணை நிலங்களிலும் கிணறுகளிலும் அவை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-இல் நிலத்தில் கசடு இடுவதையே தடைசெய்தது. நிலத்தில் இறங்கியபின் திரும்ப எடுக்க வழியில்லை என்பதை உழவர்கள் தங்கள் வாழ்வாதாரத்தைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். நீரிலிருந்து பிடிபடும் நுண் பிளாஸ்டிக்கின் பெரும்பங்கும் கசட்டில்தான் சேர்கிறது. மறுபுறம், ஆலையின் வாசலிலேயே முன்சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கிய நாடுகளில், கசட்டின் காட்மியமும் ஈயமும் சில பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்தன. வருமிடத்தில் தடுத்ததுதான் பலன் தந்தது.

வருமிடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அந்த இரண்டு பதிவேடுகளும் வேண்டும். உள்வரும் நீரிலும் கசட்டிலும் நாள்தோறும் ஒரு மாதிரி எடுத்து, குளிர்பெட்டியில் முப்பது நாள் காப்பாற்ற உத்தரவிடுங்கள். அழுத்தம் காரணமின்றி எகிறும் நாளில் அந்தப் புட்டிகள் சோதனைக்குப் போகட்டும். முடிவு வரும்வரை அந்த நாட்களின் கசடு நிலையத்தைவிட்டு வெளியேறாதிருக்கட்டும். சாக்கடைக் குழாயின் உட்சுவரில் படரும் வழுவழுப்பான படலம் தன்னைக் கடந்துபோன உலோகத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஆள்நுழைவுக் குழிகளின் மூடியைத் திறந்து, நீண்ட கோலால் அதைச் சுரண்டி எடுத்து, கிளை கிளையாக மேலே போனால் குற்றவாளியின் வாசல் வரை போய்விடலாம். ஆளை உள்ளே இறக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இறக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில், திரும்பும் நீரின் தரத்துக்கும் எஞ்சிய பாலிமருக்கும் பொறுப்பாளர் யார் என்று பெயர் சுட்டி எழுதுங்கள். கசட்டை வாங்கும் உழவருக்கு ஆய்வறிக்கை லாரி வருவதற்கு முன்பே, அவர் படிக்கும் மொழியில் கிடைக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறையாவது இயக்கப் பிரிவும் கசட்டுப் பிரிவும் ஆய்வகமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இதற்குப் புதிய எந்திரம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

அந்த இரவுக்குப் பிறகு, அழுத்தத்தையும் கசட்டு உலோகங்களையும் ஒரே பக்கத்தில் எழுதும் குறிப்பேடு ஒன்றை நானாகவே வைத்து வருகிறேன். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு முறை அழுத்தம் முதலில் எகிறி, அதன்பின் கசட்டில் உலோகம் ஏறியது. அவற்றில் இரண்டு முறை கசட்டை நிறுத்தி வைக்க முடிந்தது. நீங்கள் கேட்டால் குறிப்பேட்டின் படிகளோடு நானே நேரில் வருகிறேன். அடுத்த முறை நீங்கள் எங்கள் நிலையத்துக்கு வரும்போது, குவளையைப் பார்த்த பிறகு கொட்டகைக்கும் வாருங்கள்; உடன் நடந்து வருகிறேன்.

இப்படிக்கு,
சுத்திகரிப்பு நிலைய ஆய்வக வேதியியலாளர் ஒருவர்