ஒரே மணி நேரமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட பயணக் கட்டுரையில், 'சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் 530 கிலோமீட்டர். ஒரே மணி நேரத்தில் நெல்லை அல்வா கையில்' என்று ஒரு வரி. அல்வா கிடைப்பது எங்கள் ஊரில். விமானம் இறங்குவது தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில். இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்ச் சாலை இருப்பது தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

530 என்பது வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால் வரும் தூரம். விமானம் காற்றின் திசை பார்த்துக் கிளம்பி, திரும்பி, அதற்கென்று குறித்த தடத்தில் போக வேண்டும். இறங்குமிடத்தில் நெரிசல் என்றால் வட்டமடிக்கவும் வேண்டும். இந்தத் தடத்தில் நாங்கள் பல காலமாக ஏறி இறங்குவது காற்றாடி வைத்த ஏடிஆர் ரகச் சிறிய விமானம். உயரத்துக்குப் போன பிறகு அதன் வேகமே மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். தரையை விட்ட நொடியிலேயே அந்த வேகம் பிடித்து நேர்கோட்டில் பறந்தாலும் ஒரு மணி நேரம் போதாது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நான் போன டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தது. அதுவும் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து மறுமுனையில் போய் நிற்கும்வரை மட்டும். ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுகிறார்களே, அந்த நேரம் யார் கணக்கில்?

கடைசியாகப் போனபோது காலைப் பலகாரத்துக்கு முன் பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டினோம். அம்பத்தூரில் மகள் மதியச் சாப்பாட்டை ஆறவைத்துக்கொண்டு காத்திருந்தாள். 2023 செப்டம்பரில் நெல்லைக்கு வந்தே பாரத் விட்டபோது எழும்பூருக்கு 7 மணி நேரம் 50 நிமிடம் என்றார்கள். அதைத் தாங்கள் 'நீண்ட பயணம்' என்று அலுத்துக்கொண்டு எழுதியதும் நினைவிருக்கிறது. இரண்டையும் வாசல் முதல் வாசல் வரை கணக்கிட்டால் வித்தியாசம் எவ்வளவு என்று தங்கள் நிருபர் ஒருமுறை வந்து பார்க்கட்டும். வாடகைக் கார் செலவு அவருடையது.

தெற்கத்தி ஆட்கள் என்றால் தங்கள் பத்திரிகைக்கு எப்போதும் இந்த அலட்சியம்தான். பொங்கல் சிறப்பு ரயில் நேரத்தை மாற்றி அச்சிட்டு என் மைத்துனர் குடும்பத்தை இரவெல்லாம் எழும்பூரில் உட்காரவைத்தீர்கள், திருத்தம் வரவில்லை. வாகைகுளம் ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் பிரதமர் புதிய முனையத்தைத் திறந்தபோது முழுப்பக்கப் படம் போட்டீர்கள். 'ஓடுபாதை நீண்டுவிட்டது, பெரிய விமானம் எப்போது?' என்று நான் எழுதிய கடிதத்துக்கு நான்கு வரி இடம் கிடைக்கவில்லை. பக்கம் தங்களுடையது, கேட்க நான் யார்?

இப்போது வேண்டுவது சிறியது. அடுத்த இதழில் பறக்கும் நேரத்தைத் திருத்தி, வாகைகுளத்திலிருந்து நெல்லைக்குள்ள தூரத்தையும் ஒரு வரியில் போடுங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர், பாளையங்கோட்டை