ராத்திரி பத்தரை மணிக்கு எவ்வளவு மின்சாரம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை வந்தால் போதும், போதிய மின்சாரம் கையில் இருக்கிறது, மின்வெட்டு வராது என்ற அறிவிப்பும் வந்துவிடும். பொய் என்று சொல்ல மாட்டேன், பகல் 12 மணிக்கு அது உண்மைதான். ராத்திரி பத்தரைக்கு எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள், கதை வேறு.

2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை அப்படி ஓர் உச்சம் வந்ததில்லை. எனக்கு அந்த எண்ணைவிட அது வந்த மாதம்தான் உறுத்துகிறது, ஏனென்றால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நன்றாகச் சுற்றத் தென்மேற்குப் பருவக்காற்று பிடிக்க வேண்டும், அதற்கு ஜூன் ஆகிவிடும். காற்று பத்து நாள் தள்ளிப்போனால் அத்தனை நாளும் வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான், அதுவும் மற்ற மாநிலங்களும் வாங்க வந்து நிற்கிற நேரத்தில். சூரிய மின்சாரம் சாயங்காலத்தோடு சரி. வீட்டு ஏசி ஓட ஆரம்பிப்பதே அதற்கு அப்புறம்தான், இப்போதைய புழுக்கத்தில் விடியும்வரை நிற்பதில்லை.

ஆகவே பகலில் கிடைப்பதை ராத்திரிக்குச் சேர்த்து வைக்க வழி வேண்டும். இது ஒன்றும் புது விஷயமில்லை. வால்பாறைப் பக்கம் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980களிலேயே வந்துவிட்டது. தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, உச்சநேரத்தில் திறந்துவிடுவார்கள். அன்று ராத்திரியில் ஏற்றியதை இனி மத்தியான வெயிலில் ஏற்றினால் சரியாக இருக்கும். ஆனால் நீலகிரியில் குந்தாவுக்குத் திட்டமிட்ட 500 மெகாவாட் வருடக்கணக்கில் இழுத்தது. சோலாருக்குக் காட்டும் வேகத்தை இதற்கும் பேட்டரிக்கும் காட்டினால் என்ன?

சரி, மெகாவாட் எல்லாம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தாங்க வேண்டுமே! தனி வீடுகள் இருந்த காலத்தில் வைத்தது, இன்று அதே இடத்தில் அடுக்குமாடிகள், வீட்டுக்கு இரண்டு ஏசி. (கூடுதல் லோடு என்று எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ, அதையும் சொல்ல வேண்டும்.) நடுராத்திரியில் லைன்மேன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஃபியூஸ் கம்பி சுற்றிப் போடுகிறார், அவர் பைக் தெரு திரும்புவதற்குள் மறுபடி போய்விடுகிறது. பாவம், அவரைத் திட்டி என்ன பயன்? இதை மின்வெட்டுக் கணக்கில் யாரும் எழுதுவதும் இல்லை.

மார்ச் மாதத்திலேயே ராத்திரி பத்து மணி வாக்கில் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் லோடு எடுத்து, எது தாங்கும், எது தாங்காது என்ற பட்டியலை அந்தந்தப் பிரிவு அலுவலக வாசலில் ஒட்டட்டும். தாங்காததை அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் மாற்றட்டும். புதிய அடுக்குமாடிக்கு இணைப்புக் கொடுக்கும் முன்பும் இதே பட்டியலைப் பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், தென்தமிழகம்