பெரிய பாக்ஸிங் ஃபைட் நம் கேபிளில் ஏன் வருவதில்லை, இனி எங்கே பார்ப்பது

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பெரிய ஃபைட் வருகிற வாரத்தில் நம் ஆபீஸுக்கு வரும் போனில் பாதி இதைப் பற்றித்தான். "அண்ணே, ஃபைட் எந்த சேனல்?" என்று காசிமேட்டிலிருந்தும் பனைமரத்தொட்டியிலிருந்தும் கேட்கிறார்கள், கலெக்ஷனுக்கு வரும் தம்பியை வாசலில் நிறுத்தி அதையே கேட்கிறார்கள், எந்த சேனலிலும் இல்லை என்றால் உடனே "அப்ப நம்ம லோக்கல் சேனல்ல போட்டு விடுங்க, லிங்க் நான் அனுப்புறேன்" என்கிறார்கள். நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்த மடல்.

முதலில் அந்த லிங்க். போட மாட்டோம். ஒளிபரப்பு உரிமை வேறொருவரிடம் இருக்கும்போது அதை எடுத்து நாம் தெருவுக்கெல்லாம் விட்டால் அது காப்பிரைட் சட்டப்படி குற்றம், கேஸ் வந்தால் ஃபைட்டோடு சேர்த்து உங்கள் சீரியலும் கிரிக்கெட்டும் நின்றுவிடும். அதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பாக்ஸிங் பரம்பரைகளின் பெயர் சொல்லி டிக்கெட் வாங்கிப் போய்ச் சண்டை பார்த்த ஊர் இது. மேடையில் அடி வாங்குகிறவனுக்குப் போக வேண்டிய காசை நாம் மறிக்கக் கூடாது.

சரி, ஏன் சேனலில் வருவதில்லை? பே பெர் வியூ என்ற ஏற்பாடுதான் காரணம். மாதச் சந்தாவுக்கு மேல் அந்த ஒரு ராத்திரி நிகழ்ச்சிக்கு மட்டும் தனியாகக் காசு கட்டினால்தான் படம் திறக்கும். டிவிக்கு வருவதற்கு முன்னால் இது தியேட்டரில்தான் இருந்தது. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியதை அமெரிக்க ஜனங்கள் தியேட்டரில் டிக்கெட் எடுத்துத் திரையில் நேரடியாகப் பார்த்தார்கள், அந்த வசூல் நம்பிக்கையில்தான் ஆளுக்கு 25 லட்சம் டாலர் கொடுக்க முடிந்தது. அப்புறம் கேபிள் பெட்டி வந்ததும் தியேட்டர் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1991 ஏப்ரலில் ஹோலிஃபீல்டும் ஃபோர்மனும் மோதியபோது 14 லட்சம் வீடுகள் காசு கட்டின. 1997-ல் ஹோலிஃபீல்டின் காதை டைசன் கடித்த ஃபைட்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம். 2007-ல் மேவெதர் – டி லா ஹோயா 24 லட்சம், விலை 55 டாலர். உச்சம் 2015 மே 2, மேவெதர் – பாக்கியாவோ: 46 லட்சம் வீடுகள், எச்டியில் பார்க்க 100 டாலர், அன்றைக்கு நம் காசில் 6,000 ரூபாய்க்கு மேல். அமெரிக்காவில் மட்டும் 40 கோடி டாலருக்கு மேல் வசூல்.

நம் பெட்டியாலும் இதைச் செய்ய முடியும். செட் டாப் பாக்ஸ் இந்தியாவிலேயே முதலில் கட்டாயமானது சென்னையில்தான், 2003 செப்டம்பரில், அப்போது ரிமோட்டைப் புரியவைக்க வீடு வீடாக ஏறி இறங்கியது எங்கள் ஆட்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. எந்த வீட்டுக்கு எந்தப் படம் திறக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்ல முடியும். 2013-ல் கமல்ஹாசன் தன் விஸ்வரூபத்தை தியேட்டருக்கு முன்னாலேயே டிடிஎச்சில் 1,000 ரூபாய்க்குக் காட்டப் போவதாக 2012 கடைசியில் அறிவித்தாரே, அதுவும் இதே வழிதான். தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், அந்தத் தேதியில் அது நடக்கவில்லை. அதற்குப் பிறகும் இங்கே அந்த வழி பெரிதாகப் பிடிக்கவில்லை. மாதம் முழுக்க எல்லா சேனலுக்கும் சில நூறு ரூபாய் கட்டுகிற வீட்டில் ஒரு காலைப்பொழுதுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் யார் கொடுப்பார்கள், நாங்களே கேட்கக் கூசுவோம்.

இதில் கேபிள்காரருக்கு என்ன கிடைக்கும் என்றும் சிலர் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் வெகுகாலம் வசூலில் ஏறக்குறைய பாதி, படத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் கேபிள், சாட்டிலைட் கம்பெனிகளுக்குத்தான் போனது. மீதியில்தான் சண்டையை நடத்தும் புரமோட்டர், சேனல், பாக்ஸர் எல்லாரும் பங்கு போட வேண்டும். நம் தொழிலுக்கு அருமையான வியாபாரம்தான். ஆனாலும் எங்கள் கருத்தில் பாக்ஸிங்கைப் பிடித்த நோயே இந்தப் பே பெர் வியூதான், இது போனால் நல்லது.

ஏன் என்றால் பாக்ஸரின் முகம் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். 1978 செப்டம்பரில் அலி – ஸ்பிங்க்ஸ் இரண்டாவது சண்டை ஏபிசி என்ற சாதாரண சேனலில் இலவசமாகப் போனது, அன்றைக்கு அமெரிக்காவில் அலியைத் தெரியாத குழந்தை கிடையாது. இங்கேயும் அப்படித்தான். 1980 ஜனவரியில் அவர் மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார், முதலமைச்சர் எம்.ஜி.ஆரே வந்து கௌரவித்தார், ஊரே திரண்டது. வெல்டர்வெயிட் என்ற எடைப் பிரிவில் இப்போதைய சாம்பியன் யார் என்று நம் தெருவில் கேட்டுப் பாருங்கள், பாக்ஸிங் கிளப்புக்குப் போகிற பிள்ளைகளைத் தவிர யாருக்கும் தெரியாது. 85 டாலர் டிக்கெட் என்ற கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினால் புதிதாக ரசிகன் எங்கிருந்து வருவான்? பழைய ரசிகனிடமே மறுபடி மறுபடி கறக்கிறார்கள், அவனும் திருட்டு லிங்க்குக்குப் போய்விடுகிறான்.

இப்போது காற்று திரும்புகிறது. 1973-லிருந்து பாக்ஸிங் காட்டிய அமெரிக்கச் சந்தா சேனல் எச்பிஓ 2018-ல் நிறுத்தியது, அதே மாதிரி சேனலான ஷோடைம் 2023-ல் நிறுத்தியது. 2024 நவம்பரில் டைசன் – ஜேக் பால் சண்டையை நெட்ஃபிளிக்ஸ் தனிக் காசு வாங்காமல் சந்தாவுக்குள்ளேயே காட்டியது, 10.8 கோடிப் பேர் பார்த்ததாக அவர்களே கணக்குச் சொன்னார்கள். 58 வயது டைசனை ரிங்கில் ஏற்றியதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதே மேடையில் ஹரியானாவின் நீரஜ் கோயத் ஜெயித்ததை, பாக்ஸிங்கே பார்க்காத நம் வீடுகளிலும் பார்த்தார்கள். தனி டிக்கெட் என்றிருந்தால் நடந்திருக்காது. 2025 செப்டம்பரில் கனேலோ – கிராஃபோர்ட், இது உண்மையான பெரிய சண்டை, அதுவும் அதே வழியில் வந்தது, 4 கோடிக்கு மேல் பார்த்தார்கள் என்றார்கள். பாக்ஸிங்கும் மல்யுத்தமும் கலந்த கூண்டுச் சண்டை நடத்தும் யுஎஃப்சி கம்பெனி 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட் என்ற மீடியா கம்பெனியுடன் ஏழு வருஷத்துக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2026-லிருந்து அமெரிக்காவில் பே பெர் வியூவே வேண்டாம் என்று முடிவு செய்தது.

அதற்காக நாளைக்கே மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். டாசோன் என்ற விளையாட்டு ஆப் 2018-ல் அமெரிக்காவுக்குள் வந்தபோது பே பெர் வியூ காலம் முடிந்தது என்றுதான் விளம்பரம் செய்தது, 11 சண்டைக்கு 36.5 கோடி டாலர் என்று கனேலோவிடம் கையெழுத்தும் வாங்கியது. 2022 மேயில் அதே கனேலோ – பிவோல் சண்டையை அதே டாசோன் தனிக் காசுக்கு விற்றது. எங்களுக்குத் தோன்றுவது இது: மிகப் பெரிய சண்டைகள் பெரிய ஆப்களின் சந்தாவுக்குள் போய்விடும், அடுத்த தட்டில் உள்ளவை இன்னும் கொஞ்ச காலம் தனி டிக்கெட்டில் ஓடும்.

கவலை ஒன்றும் இருக்கிறது. பே பெர் வியூவில் எத்தனை வீடு வாங்கியது என்று ஒரு கணக்கு உண்டு, அதில் பங்கு கேட்க பாக்ஸருக்கு வழி உண்டு. 2015-ல் மேவெதர் 60, பாக்கியாவோ 40 என்று பிரித்துக்கொண்டார்கள். ஆப் கம்பெனி மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது அவர்கள் சொல்வதுதான், கூட்டம் இரண்டு மடங்கானாலும் ரிங்கில் நின்றவனுக்கு அதே காசு. இதை பாக்ஸர்கள் இப்போதே சங்கமாகச் சேர்ந்து பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பேர் தெரியாத பையன்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை.

இனி உங்கள் வீட்டு விஷயம். நெட்ஃபிளிக்ஸ் 149 ரூபாய் மொபைல் பிளான் டிவியில் ஓடாது, அதைப் போட்டுவிட்டு லைன் சரியில்லை என்று சொல்லாதீர்கள், டிவிக்கு 199 ரூபாய் பிளானாவது வேண்டும். இன்னொன்று, கேபிள் என்பது தெருமுனையில் கட்டிய ஸ்பீக்கர் மாதிரி, பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒரே சத்தம். ஆப் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் போட்டுப் பேசுவது. டைசன் ஃபைட்டின்போது ஒரே நேரத்தில் 6.5 கோடி இணைப்புகள் வரை போனதாம், உலகம் முழுக்கப் பலருக்குப் படம் சுற்றிக்கொண்டே நின்றது அதனால்தான். அந்தப் பக்கத்தை நாங்கள் சரிசெய்ய முடியாது. நம் பக்கத்தில் செய்யக்கூடியது, ரவுட்டரிலிருந்து டிவிக்கு வைஃபையை நம்பாமல் ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுவது, எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே என்றால் 15, ஆப்பை முந்தின ராத்திரியே அப்டேட் செய்து ஓட்டிப் பார்ப்பது. ஃபைபர் மோடத்தையும் இன்வெர்ட்டர் லைனில் சொருகி வையுங்கள், டிவி மட்டும் ஓடிப் பயனில்லை. ஒயர் வேண்டுமென்றால் சொல்லுங்கள், தம்பி வந்து இழுத்துத் தருவான், ஒயர் விலை மட்டும் கொடுத்தால் போதும்.

நேரமும் கவனியுங்கள். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடப்பது நமக்கு ஞாயிறு காலை. லண்டன், ரியாத் என்றால் ஞாயிறு விடியற்காலை இரண்டு, மூன்று மணி ஆகிவிடும், அந்த நேரத்தில் ஆபீஸில் ஆள் இருக்காது, சந்தேகம் எதுவாயிருந்தாலும் சனிக்கிழமை மாலைக்குள் கேட்டுவிடுங்கள்.

கிளப் நடத்தும் மாஸ்டர்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டுச் சந்தாவை வைத்து கிளப்பில் ப்ரொஜெக்டர் போட்டு ஊருக்குக் காட்டக் கூடாது, பொது இடத்துக்கு வேறு அனுமதி வாங்க வேண்டும். நூறு பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால்தான் கால் வேலையையும் தோள் அசைவையும் நீங்கள் நிறுத்திக் காட்டிச் சொல்லித்தர முடியும் என்பது எங்களுக்குத் தெரியும். முறைப்படி அனுமதி வாங்க நினைக்கிறவர்கள் இரண்டு வாரம் முன்னதாக ஆபீஸுக்கு வாருங்கள். உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து விண்ணப்பம் எழுத நாங்கள் உதவுகிறோம், அன்றைக்கு மட்டும் கிளப்புக்கு ஃபைபர் லைன் இழுத்துக் கொடுக்கக் காசு வாங்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் கேபிள், ஃபைபர் நெட் ஆபீஸ்
ராயபுரம், சென்னை