புதினா வாசனைக்குள் மறைந்திருக்கும் நிகோடின்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் சென்ற வாரம் ஓர் இளைஞர் ஒற்றை சிகரெட் வாங்கி, அதன் பஞ்சு முனையை விரலால் அழுத்த, உள்ளிருந்த குமிழி 'டிக்' என்று உடைந்ததை அருகில் நின்று பார்த்தேன். "இது மின்ட்தான் சார், தொண்டை எரியாது" என்று அவர் சொன்னது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

தொண்டை எரியாததுதான் இதன் ஆபத்தே. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை அந்தக் குமிழியிலுள்ள மெந்தால் என்ற புதினாச் சத்து தூண்டிப் புகையின் காரத்தை மறைத்துவிடுவதால், முதல் இழுப்பிலேயே இருமி விலகியிருக்கக்கூடிய பிள்ளைகள்கூட ஆழமாக இழுக்கப் பழகுகிறார்கள். நிகோடினோ சில நொடிகளில் மூளையை எட்டி, மறுபடியும் கேட்க வைத்துவிடுகிறது. புகையிலுள்ள நச்சுகளான தாரும் கார்பன் மோனாக்சைடும் இதனால் குறைவதில்லை.

கனடா 2017இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதத்திலும் மெந்தால் சிகரெட்டுகளைத் தடை செய்துவிட்டன. நமது 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ 18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்விக்கூடங்களிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் விற்பதைத் தடுக்கிறதே தவிர, சுவையூட்டுவதைத் தடுக்கவில்லை. 2019இல் மின்சிகரெட்டைத் தடை செய்த மத்திய அரசு, இதிலும் அதே உறுதியைக் காட்ட வேண்டும். ஒற்றையாக வாங்குபவர்களின் கண்ணில் பெட்டியிலுள்ள எச்சரிக்கைப் படமும் படுவதில்லை, புகையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணும் படுவதில்லை. அந்த எண்ணையாவது ஒவ்வொரு கடை வாசலிலும் எழுதிவைக்க உத்தரவிடலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை