கிழக்கே கழி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நலம். நீ அனுப்பிய கிரயப் பத்திர நகலை இரண்டு முறை படித்தேன். முப்பது வருடம் பத்திரம் எழுதிய கண்; காகிதத்தைக் கண்டால் சும்மா இருக்காது. உங்கள் அறக்கட்டளை அந்தச் சதுப்பை வாங்கிவிட்டதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான்கெல்லையில் 'கிழக்கே கழி' என்று படித்ததும் சிரித்துவிட்டேன். உப்பங்கழி ஓரிடத்தில் நிற்குமா? கடல் ஓதம் ஏறினால் ஓர் எல்லை, வற்றினால் வேறோர் எல்லை. எந்த நீர்மட்டம் என்று சொல்லாமல் இளவயதில் நானும் ஒரு பத்திரம் எழுதினேன். கழி கரையை அரித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, இரு தரப்பும் என் மேசைக்கு முன்னால் வந்து கத்தினார்கள். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

கிழக்கைத் திருத்தல் பத்திரம் எழுதிச் சரிசெய்துவிடலாம். எனக்குக் கவலை மேற்கு எல்லைதான். கடல்மட்டம் உயர உயர, சதுப்பும் மேட்டை நோக்கி நகர்ந்தால்தான் பிழைக்கும். பின்னால் மதிலோ சாலையோ வந்துவிட்டால் இடையில் மாட்டி மூழ்கிவிடும். ஒன்றுக்கும் உதவாதது என்று நீங்கள் விட்டுவந்த மேட்டு நிலத்தை இப்போதே பேசி முடியுங்கள்.

'என்றென்றைக்கும்' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. நானும் தாராளமாக எழுதிய சொல்தான். அதற்கென்று தனி பலம் கிடையாது. அறக்கட்டளை கலைந்தால் நிலம் யாரிடம் போகும், அவரையும் இந்த நிபந்தனை கட்டுமா என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்.

அடுத்த மாதமே நாற்று நடப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். பொறு. பிச்சாவரத்தில் மரம் வெட்டப்பட்ட இடங்களில் மண் தாழ்ந்து, ஓதநீர் வடியாமல் தேங்கி, உப்பு ஏறிப் பொட்டலானது. மீன்முள் போல வாய்க்கால் வெட்டி நீரைப் போகவரவிட்ட பிறகுதான் அலையாத்தி மீண்டது. இங்கிலாந்தின் வாலசீ தீவில் 2015-ல் கடல்நீரை உள்ளே விடக் கரையை உடைப்பதற்கு முன், லண்டன் ரயில் சுரங்கம் தோண்டிய மண்ணை 30 லட்சம் டன் கொட்டி நிலத்தை உயர்த்த வேண்டியிருந்தது. கரை போட்டுக் காயவைத்த நிலம் இறங்கிவிடும். அப்படியே திறந்தால் ஏரிதான் கிடைக்கும். முதலில் மட்டம் எடுங்கள். நாற்றோடு படம் எடுத்துக்கொள்ளும் நாள் தானாக வரும்.

நீ அனுப்பிய படத்தில் பழைய மதகைப் பார்த்தாயா? பலகைக்கு அடியில் ஒரு விரற்கடை இடுக்கு. அதன் வழியே கசிந்த நீர் போன தடத்தில் மட்டும் உமரிச் செடி சிவந்து கிடக்கிறது. யாரும் நட்டதில்லை. அந்த மதகு யார் பெயரில் இருக்கிறது? பத்திரத்தில் தேடினேன், காணோம். விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா